முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கன்

"சார், உங்க பேன்ட் ஜிப் திறந்திருக்கு."

வாயாடி இதை அவர் முதுகுக்குப் பின்னால், அறையின் கடைசி மூலையில், இரும்பு பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கொசுவுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

அவர் சட்டென்று குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. "இல்லையேம்மா. மூடித்தான் இருக்கு."

வலது காதை அவர் விரலால் அழுத்தி அடைத்திருந்தார். துருவி அப்படித்தான் அடைக்கச் சொல்லியிருந்தாள்.

"இடது காது பாஸ் அக்கா," என்று வாயாடி பீரோவிலிருந்து வெளியே வந்தாள். "சுவருக்குக் காது இருக்குன்னு ஒத்துக்கிற ஜனங்க, இவருக்கு இருக்குன்னு ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

துருவி சிரிக்கவில்லை. மேஜை மேல் கிடந்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் ஒன்பதாம் வரியை மறுபடி படித்தாள். இடது காது கேளாமை. பணிக்குத் தகுதியற்றவர். மறுசேர்க்கை கூடாது. மூன்றே வாக்கியம். ஒரு மனிதனை மடித்துக் குப்பையில் போட அரசாங்கத்துக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

துருவி இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆவணக் கிடங்கில் வேலை பார்த்தவள். மேலதிகாரி போட்ட பொய்க் கையெழுத்தைக் கண்டுபிடித்தாள். வேலை போனது அவளுக்குத்தான். அதன் பிறகு ஜெராக்ஸ் கடை மாடியில் இந்த ஒற்றை அறை, 'ஆவணத் துப்பறிவாளர்' என்று ஒரு பலகை, ஓர் உதவியாள். உதவியாளுக்கு மாதச் சம்பளத்தைவிட வாய் நீளம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் துணிக்கடைக் காவலாளி. தோளில் தங்கக் கயிறு தொங்கும் சிவப்புச் சட்டை. ஏழு வருஷத்துக்கு முன்பு அவர் சிப்பாய். கண்ணிவெடி அகற்றும் பிரிவு.

"அங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு மண்ணுக்குள்ள இருக்கிற 'பீப்'பைக் கேட்டேன். இப்ப கடை வாசல்ல இருக்கிற மிஷின் கேட்டுல 'பீப்'பைக் கேக்கறேன். அடிக்கிற சத்தத்தை வச்சே சாவியா, சில்லறையான்னு சொல்லிடுவேன். முதலாளி இதைச் சொந்தக்காரங்களுக்கு வேடிக்கை காட்டறார்."

"எப்ப வரைக்கும் டைம்?" என்றாள் துருவி.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. பழைய ஆளுங்களை மறுபடி எடுக்கறாங்க, புதுப் பசங்களுக்குக் கத்துக்கொடுக்க. நாப்பது வயசுக்குள்ள இருக்கணும். எனக்குச் சனிக்கிழமை நாப்பது முடியுது."

இன்று புதன்.

"காதை இன்னிக்கு டெஸ்ட் பண்ணிக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்களா?" என்றாள் வாயாடி.

"ஒன்பது மனு போட்டேன்மா. ஒரே பதில். இன்னிக்குக் கேக்குதுங்கறது முக்கியம் இல்லையாம். அன்னிக்குக் கேட்டுச்சுன்னு காட்டணுமாம். அன்னிக்கு டெஸ்ட் பண்ணினவரே தாள் தப்புன்னு எழுதிக் கொடுக்கணுமாம்."

"ஒன்பது மனு! இப்ப யார் செவிடுன்னு எனக்கே குழப்பமா இருக்கு."

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க," என்றாள் துருவி.

அவர் சொன்னார். நாற்பது பேர். பெரிய ஷெட். சட்டை இல்லாமல் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். வாசலில் கிளார்க் பெயரைக் கேட்டு டோக்கன் கொடுத்தான். ஒரே தள்ளுமுள்ளு.

"எனக்கும் சேர்த்து நெட்டையன்தான் வாங்கிட்டு வந்தான். என் கூட்டாளி. ஆறேகால் அடி. கும்பலுக்கு மேலயே கையை நீட்டி வாங்கிடுவான். அவன் எனக்கு முன்னாடி உள்ள போனான். வெளிய வந்து கண்ணடிச்சான். அப்புறம் நான். கண்ணாடிக் கூண்டு. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். எல்லாத்துக்கும் அமுக்கினேன். நடுவுல கரென்ட் போச்சு. கூண்டுக்குள்ள கும்மிருட்டு. ஹெட்போனோட உட்கார்ந்து பாட்டுப் பாடிட்டிருந்தேன். வெளிய எல்லாரும் கேட்டுச் சிரிச்சிருக்கானுங்க. கரென்ட் வந்ததும் டெஸ்ட் பண்ணினவர் மறுபடி எடுத்தார். பத்தாம் நாள் பேப்பர் கொடுத்து அனுப்பிட்டாங்க."

"நெட்டையன் இப்ப எங்க?"

"இல்ல." அவர் தொப்பியைத் தடவினார். "நான் வந்து பதினோரு மாசத்துல போயிட்டான். வெடி. கிளார்க் பயதான், மேடம், பேரை மாத்திப் போட்டிருக்கணும். அவன் கை எழுதும்போதே நடுங்கிட்டிருந்தது, முந்தின நாள் குடி. ஏழு வருஷமா அவனைத் திட்டிட்டிருக்கேன். பல் தேய்க்கும்போதுகூடத் திட்டறேன்."

வாயாடி அவரை வழியனுப்பப் படி இறங்கினாள். அவளுக்கு வலது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர், பாதிப் படியில் நின்று, அவள் பின்னால் சுற்றி இடது பக்கத்துக்கு வந்தார். பிறகுதான் மீதிப் படியை இறங்கினார்.

துருவி மேலிருந்து அதைப் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்தபோதும் அவர் நாற்காலியை இழுத்து வாயாடியின் இடது பக்கம்தான் போட்டுக்கொண்டார்.

*

டெஸ்ட் எடுத்தவரைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க ஆனது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, காது மிஷின் கடை வைத்திருந்தார். தீப்பெட்டி மாதிரி கடை. கண்ணாடி அலமாரியில் விதவிதமான காது மிஷின்கள், வறுத்த முந்திரிபோல வரிசையாக. சுவரில் பெரிய காது ஒன்றின் படம்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் கடைக்காரர். "கத்திக் கத்திக் கேக்கறவங்க நடுவுல இருந்து எனக்குச் சத்தம்னாலே அலர்ஜி."

துருவி விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

"என் தாள்ல தப்பா? என் பென்சில் கோடு பொய் சொல்லாதும்மா."

"பென்சில் சொல்லாது சார். பென்சிலைப் பிடிச்ச கை சொல்லலாமே," என்றாள் வாயாடி.

"வாயைக் கழுவு." ஸ்டூல் மேல் ஏறி, அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே நீலக் கார்பன் மை தேய்ந்த புத்தகங்கள். "ஒரு வருஷம் ஆபீஸ்ல தண்ணி புகுந்து தாள் எல்லாம் போச்சு. பழியை என் தலைல கட்டினானுங்க. அதுலேர்ந்து ஒவ்வொரு தாளுக்கும் கார்பன் வச்சேன். பேர் எழுத மாட்டேன், டோக்கன் நம்பர் மட்டும். உள்ள வர்றவன் கூண்டு வாசல்ல இருக்கிற ஆணில டோக்கனை மாட்டிட்டு உட்காருவான். நான் நம்பரைப் பார்ப்பேன், மூஞ்சியைப் பார்க்க மாட்டேன்."

"ஏன்?"

"பார்த்தா இரக்கம் வந்துடும். எல்லாருக்கும் வீடு இருக்கு, பிள்ளை இருக்கு. கோடு வளைஞ்சிடும்."

அந்த நாளின் புத்தகம் கிடைத்தது. பின்னட்டையில் கிளார்க் எழுதிய பட்டியலை ஒட்டியிருந்தார். முப்பத்தொன்று, நம் காவலாளியின் பெயர். முப்பத்திரண்டு, நெட்டையனின் பெயர்.

முப்பத்தொன்றாம் தாளைப் பிரித்தார். வலது காதுக் கோடு நேராக ஓடியது. இடது காதுக் கோடு மாடிப்படிபோலக் கீழே, கீழே, கீழே.

"பாருங்க. இந்தக் காதுல இடி விழுந்தாலும் இவன் யாரோ கதவைத் தட்டறாங்கன்னு நினைப்பான்."

வாயாடி உதட்டைப் பிதுக்கினாள். "போச்சு அக்கா. பஸ் காசு தண்டம்."

துருவி பக்கத்தைத் திருப்பினாள். முப்பத்திரண்டு. இரண்டு கோடும் தண்டவாளம் மாதிரி நேராக. ஆனால் நடுவில், சரியாக இடது காது தொடங்கும் இடத்தில், கோடு அறுந்திருந்தது. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில்: மின்தடை. நாலு நிமிஷம். மறுபடி எடுத்தது. உள்ளே பாட்டு.

சுவரிலிருந்த பெரிய காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு எத்தனை தடவை கரென்ட் போச்சு சார்?" என்றாள் துருவி.

கடைக்காரர் நாற்பது தாளையும் புரட்டினார். "ஒரே தடவைதான்."

வாயாடி துள்ளினாள். "அப்ப பாட்டுப் பாடினது நம்ம ஆளு! முப்பத்திரண்டு அவரோட தாள்! அக்கா, முடிஞ்சது! சார், எழுதுங்க சார், சீல் வைங்க சார், உங்க பென்சிலுக்குக் கோயில் கட்டறேன்!"

"நெட்டையன் முன்னாடி போனான்னு அவரே சொன்னார்," என்றாள் துருவி மெல்ல. "ஆனா பட்டியல்ல அவர்தான் முன்னாடி. ரெண்டு டோக்கனையும் வாங்கினது நெட்டையன். பேர் சொன்னதும் அவன்தான். கிளார்க் சரியாத்தான் எழுதியிருக்கான்."

துள்ளிக்கொண்டிருந்த வாயாடி நின்றாள்.

"இவர் கையில கொடுக்கும்போது நெட்டையன்தான் மாத்திக் கொடுத்திருக்கான்."

"தவறி மாறியிருக்கலாமே?" என்றாள் வாயாடி.

"காது கேக்காதவனுக்குத் தவறி நல்ல காது கிடைக்குமா? நம்ம ஆளு எல்லாரோட இடது பக்கமும் வந்து நிக்கறாரே, கவனிச்சியா? இடது காது கேக்காத ஒருத்தனோட வருஷக்கணக்கா நடந்தவர் அவர். அந்தப் பக்கச் சத்தத்தை எல்லாம் அவர்தான் அவனுக்குக் கேட்டுச் சொல்லியிருக்கார்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் எழுதிக் கொடுக்கறேன்மா. உண்மையைத்தான் எழுதுவேன். முப்பத்தொண்ணு இவனோடது இல்ல, அவனோடதுன்னு."

"உங்க கை தவறிப்போச்சுன்னு மட்டும் எழுதினா? அவன் பேர் வராம?"

"ஒரு தாள் தப்புன்னா அன்னிக்கு எழுதின நாப்பதையும் பிரிப்பாங்க. முப்பத்திரண்டுல மின்தடையைப் பார்ப்பாங்க. நீங்க பார்த்ததை அவங்க பார்க்க எவ்வளவு நேரமாகும்?" முப்பத்திரண்டின் ஓரக் குறிப்பையும் சேர்த்து எழுதி, சீலை எடுத்து மையில் அழுத்தினார். "ரெண்டு டோக்கனும் ஒரே ஆணில தொங்கினதும்மா. ஒண்ணை மட்டும் கழட்ட முடியாது."

*

உயிர் நீத்த சிப்பாய்களின் குடும்பக் குடியிருப்பு. மூன்றாவது மாடி. ஒவ்வொரு கதவிலும் ஒரு செத்த மனிதனின் பெயர், வெள்ளைப் பெயின்ட்டில். நெட்டையனின் பெயர் கதவு அகலத்துக்கு நீண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. அவன் மனைவி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காஜா எடுக்க வேண்டிய சட்டைகள் இடுப்பளவு. துருவி சீல் வைத்த தாளை அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"டோக்கனா?" என்றாள்.

வாயாடி ஓர் அடி முன்னால் வந்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"கடைசி லீவுல சொன்னார்." மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அப்ப ஃபெயில் ஆனா மூணு மாசம் ஆபீஸ் வேலை கொடுத்துட்டு மறுபடி டெஸ்ட் வைப்பாங்களாம். அதுதான் வழக்கமாம். எனக்கு நிறைமாசம். 'நான் ஃபெயில்னா மறுடெஸ்ட்டுலயும் ஃபெயில்தான், அவன் ஃபெயில்னா மூணு மாசத்துல பாஸ் ஆயிடுவான், அவன் காது எமன் செருப்புச் சத்தத்தையே கேக்கும்'னு டோக்கனை மாத்திக் கொடுத்துட்டார். அந்த வருஷம் பார்த்து மறுடெஸ்ட் வைக்கறதையே நிறுத்திட்டாங்க. யாருக்கும் சொல்லலை. பத்தே நாள்ல அண்ணனை அனுப்பிட்டாங்க."

"அப்பவாவது அவர் போய்ச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவர் கையில பத்து நாள் பச்சக் குழந்தை. நீயா இருந்தா போய்ச் சொல்லுவியா?"

வாயாடி குவியலிலிருந்து சரிந்த ஒரு சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

"சொல்றேன்னுதான் கிளம்பினார். இந்தத் தடவை போனதும் மேலதிகாரிகிட்ட ஒத்துக்கறேன், வேலை போனா போகட்டும், மூட்டை தூக்கறேன்னார். போன மூணாம் நாள்..." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுக்க வேண்டிய நூல் அல்ல அது. "அங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் போவாங்களாம். ஒருத்தர் கருவியைத் தரை மேல ஆட்டிப் பார்க்கணும், இன்னொருத்தர் இடது பக்கம் ரெண்டடி தள்ளிக் கொடி நடணும். இடது பக்கம் எப்பவும் அண்ணன்தான். அன்னிக்குப் புதுப் பையன். அவன் வெடிக் கம்பியைப் பார்த்துட்டு 'நில்லு'ன்னு கத்தியிருக்கான். மூணு தடவை கத்தினானாம்."

துருவி நீட்டியிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தத் தாள் ஆபீசுக்குப் போச்சுன்னா உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லி வேலைல இருந்தவர்னு ஆயிடும்," என்றாள் துருவி. "இந்த வீடு, உங்க பொண்ணோட ஸ்கூல், கதவுல இருக்கிற பேர், எல்லாம்."

"தெரியும்." அவள் எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள். "ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றார். பொண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கறார். இதோ இங்கதான் உட்காருவார், அவளுக்கு இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னு வாயைத் திறப்பேன், 'சாப்பிடறீங்களா அண்ணே'ன்னு கேட்டு மூடிப்பேன். அவர்கிட்டயே கொடுங்க. என்னைக் கேக்காதீங்க. கொடுக்காதேன்னு சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்ல. கொடுன்னு சொல்லவும் தைரியம் இல்ல."

இறங்கும்போது வாயாடி கைப்பிடிச் சுவரைக் காலால் உதைத்தாள். "அக்கா, மறுடெஸ்ட்டை நிறுத்தினானே ஒருத்தன், ஏசி ரூம்ல உட்கார்ந்து ஒரு கையெழுத்து, அவனுக்கு ஏதாவது ஆச்சா?"

"பதவி உயர்வு ஆகியிருக்கும்."

*

நாலு மணி பத்து நிமிஷம். துணிக்கடை வாசல். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மிஷின் கேட், அதன் பக்கத்தில் காவலாளி. சிவப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கால் பூட்ஸ் மட்டும் பழைய ராணுவ பூட்ஸ். முகம் பார்க்கலாம்போல மின்னியது. ஆள் எடுக்கும் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. அரை மணி நேர பர்மிஷனும் வாங்கி வைத்திருந்தார்.

"கிடைச்சதா மேடம்?" குரலில் சின்னப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

துருவி தாளைக் கொடுத்தாள். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மின்தடை. பாட்டு. டோக்கன். மூணு மாசக் கணக்கு. சொல்லி முடிக்கும்வரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாளில் 'உள்ளே பாட்டு' என்ற இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குக் காது மந்தம்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள் துருவி.

"தெரியும். நான்தான் இருந்தேனே. போதாதா?"

உள்ளேயிருந்து ஒரு குடும்பம் பைகளோடு வந்தது. கதவைத் திறந்து, சிரித்து, வணக்கம் சொன்னார். கதவு மூடியதும் சிரிப்பை எடுத்துவிட்டார்.

"அவனோட கடைசி நாள்ல இடது பக்கம் யாரு போனது?"

"புதுப் பையன்."

"எத்தனை தடவை கத்தினான்?"

துருவி வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதில்லை. தொழில் தர்மம். இருந்தாலும் ஒரு நொடி எடுத்துக்கொண்டாள்.

"மூணு."

அவர் தலையை ஆட்டினார். "கத்தக் கூடாது மேடம். தோள்ல தட்டணும். கத்தினா கேக்காதுன்னு அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. சொல்லிக் கொடுக்க நான் அங்க இல்ல."

நாலரை. வாயாடி கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், ஆட்டோ பிடிக்கட்டுமா? ரெண்டு தெருதான். நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலை. உங்க காது, உங்க பேரு. திருடினவன் அவன்."

"ஆமாம்மா. திருடினது அவன்தான்." கோபமே இல்லாமல் சொன்னார். "போய்க் கொடுத்தா நான் உள்ள போவேன். அந்தப் பொண்ணு வெளிய வரும். ஏழு வயசு. வகுத்தல் இன்னும் சரியா வரலை அதுக்கு."

தாளை நாலாக மடித்து துருவியின் கையில் வைத்தார்.

"அந்தக் கடைக்காரர்கிட்டயே கொடுத்துடுங்க. பெட்டியிலயே இருக்கட்டும். கிழிக்க வேண்டாம், அவர் பாவம், ஒழுங்கா எழுதினவர்."

பிறகு தெருப் பக்கம் திரும்பி நின்றார்.

"ஏழு வருஷம் மேடம். அந்த கிளார்க்கைத் தினமும் திட்டினேன். இனிமே காலைல எழுந்து யாரைத் திட்டறது?"

துருவி பையைத் திறந்து தாளை வைத்தாள். மூடினாள்.

ஐந்து அடித்தபோது மூவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். கடைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னய்யா, பர்மிஷன் கேட்டியே, போகலையா?"

"வேலை முடிஞ்சது முதலாளி."

வாயாடி கண்ணைத் துடைக்க இடம் தேடி, வாங்க வேண்டியது எதுவும் இல்லாமலே கடைக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள். மிஷின் கேட் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. கடைக்குள் யாரும் தலை நிமிரவில்லை. அவளுக்கே கேட்கவில்லை.

காவலாளி திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "ஒத்தைச் சாவிம்மா. இடது பை. போகலாம்."